தெளிந்த நீரும் தூய நீரும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் இருப்புப் பாதையில், குப்பத்தை அடுத்து இருப்பது குடுபல்லி. சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு முனையில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஒலிக்கும் வானம் பார்த்த பூமி அது. கோடையில் ஏரி வற்றிவிட்டால், ஊற்றுத் தோண்டி எடுத்த கலங்கல் நீரே குடிநீர். அங்கு வாழ்ந்த என் பாட்டியார் குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து, அந்நீரை ஊற்றி வைப்பார். சிறிது நேரத்தில் மண் அடியில் படிந்து, மேல்நீர் பளிங்கு போலத் தோன்றும். தெலுங்கர் இதனைச் சில்லகிஞ்ச என்பர். இவ்விதை கொண்டு நீரைத் தெளிவிக்கும் வழக்கம் கலித்தொகையிலேயே உவமையாக ஆளப்பெற்றிருக்கிறது.

ஆனால், தெளிந்த நீரெல்லாம் தூய நீர் ஆகுமா? மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு இவ்விரு சொற்களும் ஒன்றல்ல. மனித குலமோ அவற்றின் வேறுபாட்டை உணரப் பல்லாயிரம் உயிர்களை விலையாகத் தந்தது.

1854ஆம் ஆண்டில் லண்டன் நகரில் வாந்திபேதி பரவியபோது, ஒரு தெருக்குழாயின் நீரே அதற்குக் காரணம் என்று ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் எடுத்துக்காட்டினார். அந்நீரின் சுவையை விரும்பித் தொலைவிலிருந்து வரவழைத்துப் பருகிய மூதாட்டி ஒருவரும் அந்நோயால் மாண்டார். 1884இல் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் நமது கல்கத்தாவில், நோயாளிகளிடத்தும் குளத்து நீரிலும் அந்நோயின் கிருமியைக் கண்டார். கண்ணுக்குத் தெரியாத பகைவன் நீரில் வாழ்வது அதன் பின்னரே ஐயமறப் புலனாயிற்று.

பகைவனை அறிந்தபின் படைக்கலங்களும் பிறந்தன. 1890களில் ஹாங்கின் என்பவர் இந்தியக் கிணறுகளில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் இடும் முறையைப் பரப்பினார். முதல் உலகப் போர்க் காலத்தில், 1917இல், டேக்கின், டன்ஹாம் என்னும் இருவர் ‘ஹாலசோன்’ என்ற குளோரின் மாத்திரையை அறிமுகப்படுத்தினர். போர்வீரனின் நீர்க்குடுவைக்காகப் பிறந்த அம்முறையே, இன்று வெள்ளக் காலத்தில் வழங்கப்படும் குளோரின் மாத்திரைகளாக நமக்குப் பயன்படுகிறது.

2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதி நகரம் வெள்ளக்காடாயிற்று. எங்கும் நீர், பருகத்தக்க நீரோ அரிது! பிற மாநிலங்களில் வாழ்ந்து, நீண்ட ரயில் பயணங்களை மேற்கொள்ளும் நம்மவர்க்கு இத்தகைய நிலை எந்நேரமும் நேரலாம். அதற்கென ஒரு சிறு பையை ஆயத்தமாக வைத்திருப்பது நலம்.

அதில் முதலில் இருக்கவேண்டியது பழைய பருத்திச் சேலைத் துணி. அதனைப் பல மடிப்பாக மடித்து நீரை வடிகட்டியதால், வங்காளதேசத்துக் கிராமங்களில் வாந்திபேதி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததென்று 2003இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கூறுகிறது. இரண்டாவது, குளோரின் மாத்திரை. கலங்கிய நீரில் அதன் ஆற்றல் வீணாகும்; ஆதலின் வடிகட்டித் தெளியவைத்த பின்னரே இடவேண்டும். உறையில் குறித்த அளவையும் நேரத்தையும் தவறாது கடைப்பிடிக்க வேண்டும். காலாவதியான மாத்திரை பயன்படாது. மூன்றாவது, மூடியுடன் கூடிய சிறு பாத்திரமும் தீப்பெட்டியும். விறகு கிடைக்குமாயின் கொதிக்கவைப்பதே தலைசிறந்த முறை. குளோரினுக்கு அடங்காத சில கிருமிகளும் கொதிநீரில் மடியும். செம்புக் கலமும் கிருமிகளை அழிக்கவல்லதே. ஆயினும் அதற்குப் பல மணி நேரம் வேண்டுமாதலால் அவசரத்திற்கு உதவாது.

இவற்றால் தீராத குறை ஒன்றும் உண்டு. 1937இல் அன்றைய நெல்லூர் ஜில்லாவில், எலும்பையும் பல்லையும் கெடுக்கும் ஃபுளோரைடு நோய் கண்டறியப்பட்டது. நிலத்தடி நீரில் கரைந்துள்ள அவ்வுப்பைத் துணியோ மாத்திரையோ நீக்காது. கொதிக்கவைத்தால் நீர் சுண்டி அதன் செறிவு மிகும். அத்தகைய ஊர்களில் நீரின் மூலத்தையே மாற்றவேண்டும்.

பாட்டியாரின் தேற்றாங்கொட்டையைப் பழித்தல் தகாது. மண்ணைப் படியவைக்கும் முதற்படி அது. கிருமியைக் கொல்வது இரண்டாம் படி. முதற்படியிலேயே நின்றுவிடாது இரண்டாம் படியையும் ஏறுவோமாக! கண்ணுக்குத் தெளிவாய்த் தோன்றும் நீரையும் ஒருமுறை ஐயுற்றுப் பார்த்த பின்னரே குழந்தையின் வாயில் ஊட்டுவோமாக!