எக்ஸ்எம்எல் தரவுத்தளத்தில் ஆவணங்களைக் கண்டெடுக்கும் செயற்கூறுகள்

எக்ஸ்எம்எல் தரவுத்தளங்களில் எக்ஸ்குவெரி மொழியில் எழுதப்படும் வினவல், தான் தேட வேண்டிய ஆவணங்களைப் பெரும்பாலும் ‘டாக்’, ‘கலெக்‌ஷன்’ என்னும் இரண்டு செயற்கூறுகளின் வழியே அடைகிறது. இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2007 ஜனவரியில் எக்ஸ்குவெரி 1.0-ஐப் பரிந்துரையாக வெளியிட்டபோது, உடன் வந்த செயற்கூறுத் தொகுப்பில் இவை இரண்டும் இடம்பெற்றன.

‘டாக்’ ஒரு முகவரியைப் பெற்று, அதற்குரிய ஆவணத்தின் மர அமைப்பில் உச்சியில் உள்ள கணுவைத் தருகிறது. முழுமையற்ற முகவரி கொடுத்தால், வினவலின் அடிப்படை முகவரியோடு சேர்த்து அது முழுமையாக்கப்படும். ஆவணம் கிடைக்காவிட்டால் வெறுமையான விடை வராது. பிழை எழுந்து வினவலே நின்றுவிடும். இதைத் தவிர்க்க, ஆவணம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டறிய ‘டாக்-அவைலபிள்’ உதவுகிறது. ஒரே வினவலுக்குள் அதே முகவரியை எத்தனை முறை அழைத்தாலும் அதே கணுதான் கிடைக்க வேண்டும் என்பதும் பொது விதி.

‘கலெக்‌ஷன்’ விஷயத்தில் தரநிலை வேண்டுமென்றே தளர்வாக நடந்துகொள்கிறது. தொகுப்பின் பெயரைக் கொடுத்தால் அதிலுள்ளவை வரும், பெயர் கொடுக்காவிட்டால் இயல்புத் தொகுப்பு வரும் என்பதோடு அது நின்றுவிடுகிறது. தொகுப்பு என்பது எது என்பதை மென்பொருளே முடிவு செய்கிறது. வுல்ஃப்காங் மையர் தொடங்கிய எக்ஸிஸ்ட் தரவுத்தளத்தில் அது கோப்புறை போன்ற ஓர் அடுக்கு. மேலடுக்கைக் கேட்டால் உள்ளடுக்குகளில் இருப்பவையும் சேர்ந்தே வரும். மார்க்லாஜிக்கில் தொகுப்பு என்பது ஆவணத்தின் மேல் ஒட்டிய அடையாளச் சீட்டு. ஆகவே ஒரே ஆவணம் பல தொகுப்புகளில் இருக்கலாம். அங்கே பெயரில்லாமல் அழைத்தால் தரவுத்தளம் முழுவதும் வந்து நிற்கும். கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான பேஸ்எக்ஸில் தரவுத்தளத்தின் பெயரையும், வேண்டுமானால் அதனுள் செல்லும் பாதையையும் கொடுக்கலாம். ஒரு தரவுத்தளத்துக்கு எழுதிய வினவல் இன்னொன்றில் இலக்கணப் பிழையின்றி ஓடியும் வேறு விடை தருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இந்த இரு செயற்கூறுகளில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது வேகத்தையும் பாதிக்கிறது. எக்ஸிஸ்டில் மாதிரித் தரவாக வழங்கப்பட்டு வந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களில் ஒரு சொல்லைத் தேடுவதாகக் கொள்வோம். நாடகங்களை ஒவ்வொன்றாக ‘டாக்’ மூலம் திறந்து சுழற்சியில் பார்ப்பதைவிட, தொகுப்பு முழுவதன் மேலும் ஒரே நிபந்தனையை வைப்பது நல்லது. அப்போது தரவுத்தளம் முன்பே தயாரித்து வைத்திருக்கும் சுட்டுவரிசையை ஒருமுறை பார்த்தாலே பொருந்தும் கணுக்கள் தெரிந்துவிடும். சுட்டுவரிசை அமைக்கப்படாத தரவுத்தளத்தில் இந்த ஆதாயத்தை எதிர்பார்க்க முடியாது.

கிடைத்த கணு எந்த ஆவணத்தைச் சேர்ந்தது என்று அறிய, ‘ரூட்’ கொண்டு உச்சிக்குப் போய், ‘டாக்குமென்ட்-யுஆர்ஐ’ கொண்டு முகவரியைப் பெறலாம். 2014-இல் வெளியான எக்ஸ்குவெரி 3.0-இன் செயற்கூறுத் தொகுப்பு ‘யுஆர்ஐ-கலெக்‌ஷன்’ என்பதைச் சேர்த்தது. ஆவணங்களுக்குப் பதிலாக அது முகவரிகளை மட்டும் தருகிறது. வேண்டியவற்றை மட்டும் பிறகு ‘டாக்’ கொண்டு திறந்துகொள்ளலாம்.