சூரியனுக்குச் செய்த சீர்

எங்கள் பக்கம் காதுகுத்துக்குப் போனால், பந்தல் வாசலில் மொய்நோட்டும் கையுமாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். திருமங்கலம் சுற்றுவட்டாரத்தில் பல வருஷம் அந்த வேலையைப் பார்த்தவர் என் பெரியப்பா. "பணம் எழுதுறது சுளுவுடா. தாய்மாமன் சீர் வருது பாரு, அதுக்குத்தான் ஆள் வேணும்" என்பார். பணம் என்றால் நோட்டில் ஒரு வரி. சீர் அப்படியில்லை. அண்டா, பட்டு, கிடா, பழத்தட்டு என்று யார் எதைக் கொண்டுவருவது, எப்போது வருவது, சொன்னது சொன்னபடி வந்ததா என்று ஆயிரம் இருக்கிறது.

ஈட்டர் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது எனக்கு அந்த மேசைதான் ஞாபகம் வந்தது.

சூரியனில் நடப்பதுபோல ஹைட்ரஜன் அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்க முடியுமா என்று பார்க்க, பிரான்சின் தெற்கே கடராஷ் என்ற இடத்தில் எழும்பிக்கொண்டிருக்கும் உலகத் திட்டம் அது. 1985இல் ஜெனீவாவில் கோர்பசேவும் ரீகனும் சந்தித்தபோது விழுந்த விதை. ஐரோப்பா, ஜப்பான், ரஷ்யா, அமெரிக்கா, சீனா, தென்கொரியா எல்லாம் வந்தபிறகு, 2005 டிசம்பரில் ஏழாவது ஆளாக இந்தியா சேர்ந்தது. 2006 நவம்பர் 21 அன்று பாரிஸில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2007 அக்டோபரில் அமலுக்கு வந்தது. கட்டுமானச் செலவில் ஐரோப்பாவுக்குச் சுமார் 45 சதவீதம். மற்ற ஆறு பேருக்கும் தலைக்கு ஏறத்தாழ 9 சதவீதம்.

இதில் பெரும்பகுதி மொய் அல்ல, சீர். பணமாகக் கொடுக்காமல் இயந்திரப் பாகங்களாகச் செய்து கொடுக்க வேண்டும். பணம் கொடுத்தால் தொழில்நுட்பம் பிரான்சிலேயே தங்கிவிடும். பாகமாகச் செய்தால் நம் ஊர்ப் பட்டறைக்கும் கை பழகும். சரி, ஏழு நாட்டுச் சீருக்கு எப்படி விலை போடுவது? அதற்கென்றே ஒரு கணக்கு அலகு வைத்திருக்கிறார்கள். ஓர் அலகு என்பது 1989 ஜனவரி மதிப்பில் 1,000 டாலர். எந்த நாட்டில் விலைவாசி எப்படி ஏறினாலும் நோட்டில் இருக்கும் எண் மாறாது. பெரியப்பா கேட்டிருந்தால் தலையாட்டி ரசித்திருப்பார்.

ஆனால் நோட்டை வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமே? ஒவ்வொரு உறுப்பினரும் தம் மண்ணில் ஓர் அமைப்பை நிறுவ வேண்டும் என்பது ஒப்பந்தம். இந்தியா இதற்காகப் புதிய துறை எதையும் தொடங்கவில்லை. குஜராத்தின் காந்திநகருக்கு அருகே இருக்கும் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்துக்குள்ளேயே, தனி அதிகாரம் பெற்ற திட்டமாக 'ஈட்டர்-இந்தியா' உருவானது. அந்த நிறுவனம் 1986இல் பிரதிமான் காவ் தலைமையில் தனித்து நின்றது. 1989இல் 'ஆதித்யா' என்ற சிறிய டோகமாக்கை இங்கேயே செய்து இயக்கிக் காட்டியது.

இந்த ஏற்பாட்டில்தான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆய்வகத்தில் சொந்தமாக இயந்திரம் செய்து பழகியவர்கள் திடீரென்று கொள்முதல்காரர்களாக, தரம் பார்ப்பவர்களாக, கப்பல் தேதி கணக்கிடுபவர்களாக மாற வேண்டியிருந்தது. இந்தியாவின் பங்கு ஒன்பது தொகுப்புகள்: குளிர்நீர் அமைப்பு, மின்வழங்கிகள், ரேடியோ அலை மூலங்கள், குளிர்திரவக் குழாய்கள் என்று நீளும். இயற்பியல் தெரியாத ஆள் இதற்குச் சரிப்பட மாட்டார். இயற்பியல் மட்டும் தெரிந்த ஆளும் சரிப்பட மாட்டார்.

சீர்வரிசையில் பெரிய அண்டா கிரையோஸ்டாட். ஒரு ராட்சச தெர்மாஸ் ஃபிளாஸ்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 15 கோடி டிகிரி பிளாஸ்மா. சில மீட்டர் தள்ளி மைனஸ் 269 டிகிரியில் காந்தங்கள். இத்தனையையும் வெற்றிடத்துக்குள் பொத்தி வைக்கும் எஃகுக் கூடு அது. எடை 3,850 டன். உயரமும் விட்டமும் ஏறக்குறைய 30 மீட்டர். நம் மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரத்தில் பாதிக்கும் மேல். 2012இல் எல் அண்ட் டி நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போனது. சூரத் பக்கம் ஹசிராவில் 54 துண்டுகளாகச் செய்து, கப்பலேற்றி, கடராஷில் இந்தியாவே கட்டிய பட்டறைக் கூடத்தில் பற்றவைத்துச் சேர்த்தார்கள். 2020 மே மாதம், மதுரையில் நாமெல்லாம் ஊரடங்கில் அடைந்து கிடந்தபோது, 1,250 டன் அடிப்பகுதி அங்கே குழிக்குள் இறங்கியது. நல்ல சீர், சொன்னபடி போய்ச் சேர்ந்தது.

விசேஷம்தான் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. 2025இல் முதல் பிளாஸ்மா என்றார்கள். 2024இல் வந்த புதிய அட்டவணைப்படி ஆய்வு தொடங்குவது 2034இல். நிஜ எரிபொருளான டியூட்டீரியம், டிரிடியத்தோடு இயங்குவது 2039இல். அதுவரை அந்த அலுவலகம் பொறுமையாக நோட்டைக் காத்து உட்கார்ந்திருக்க வேண்டும். இதற்கு யாரும் மாலை போட மாட்டார்கள்.

இதைப் படிக்கும் மதுரைக்காரருக்குத் தேனி ரோடு ஞாபகம் வராமல் இருக்காது. மின்சாரம் எடுக்கும் திட்டமல்ல, ஆனால் அதே மாதிரிப் பல நிறுவனங்கள் கூடிய பெருந்திட்டம்: நியூட்ரினோ ஆய்வகம். பொட்டிபுரம் மலைக்குள் 50,000 டன் இரும்புக் கருவி. அதற்கான ஆய்வு மையம் மதுரையில். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. மார்ச் மாதமே, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவில்லாமல் வேலை தொடங்கக்கூடாது என்றது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தமிழ்நாடு அரசு எதிர்ப்பைப் பதிவு செய்தது. மலைக்குள் ஒன்றும் நடக்கவில்லை. மதுரையில் 85 டன் மாதிரிக் கருவி மட்டும் காஸ்மிக் கதிர்களை எண்ணிக்கொண்டிருந்தது.

மலையைக் குடைய வேண்டாம் என்றவர்களை அறிவியல் தெரியாதவர்கள் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்த மலையும் தண்ணீரும் அவர்களுடையது. ஹசிராவில் வளைத்த எஃகுக்கு யாரிடமும் சம்மதம் கேட்க வேண்டியிருக்கவில்லை. காந்திநகர் அலுவலகத்துக்குக் கிடைத்த அந்த வசதி இங்கே கிடையாது. கிராமங்களில் விளக்கக் கூட்டங்கள் நடந்தன, உண்மைதான். ஆனால் விளக்குவது வேறு, அழைப்பது வேறு. எந்தத் திட்ட அலுவலகத்தின் தொகுப்புப் பட்டியலிலும் 'ஊர்ச் சம்மதம்' என்று ஒரு வரி போட்டு, அதற்குப் பொறுப்பாக ஓர் ஆளையும் போட்டு நான் பார்த்ததில்லை.

பெரியப்பா இதையும் சொல்லியிருக்கிறார், வேறு சந்தர்ப்பத்தில். ஒரு விசேஷத்தில் நெருங்கிய பங்காளி வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

"பத்திரிகையைக் கொடுத்துவிட்டு வந்துருக்காங்கெடா. யாரும் உக்காந்து பாக்கு வைக்கல."