நூறு வருடங்களுக்கு முன் கேட்ட கேள்விகள்

நமது பாடசாலை நூற்றாண்டு காணும் இவ்வேளையில், ஏறத்தாழ அதே வயதுடைய ஓர் அறிக்கையையும் பழைய மாணவிகளாகிய நாம் நினைவுகூர்வது பொருத்தம். இங்கிலாந்தின் சுகாதார அமைச்சு 1926இல் வெளியிட்ட அவ்வறிக்கையை எழுதியவர் ஜேனட் லேன்-கிளேபன் என்ற பெண் வைத்தியர். மார்பகப் புற்றுநோய் கண்ட 500 பெண்களையும் அந்நோய் இல்லாத 500 பெண்களையும் அவர் ஒப்பிட்டார். எந்த வயதில் திருமணம்? எத்தனை பிள்ளைகள்? எவ்வளவு காலம் பாலூட்டினீர்கள்? இரு சாராரிடமும் கேட்டவை ஒரே கேள்விகள். பிந்தித் திருமணம் செய்தோர், குறைவாகப் பிள்ளை பெற்றோர், குறைவாகப் பாலூட்டியோர் நோய் கண்டவர்களிடையே கூடுதலாக இருந்தனர். 1929இல் மணம் முடித்ததும் அவர் தம் பதவியை விட வேண்டியதாயிற்று. மணமான பெண்ணுக்கு அங்கு அரச சேவையில் இடமில்லாத காலம் அது.

சூலகங்களை அகற்றினால் சிலரது மார்பகக் கட்டி சுருங்குவதை ஸ்கொட்லாந்து வைத்தியர் பீட்சன் 1896இலேயே கண்டிருந்தார். காரணமான ஓமோன்கள் பின்னரே தெரியவந்தன. ஒவ்வொரு மாதவிடாய்ச் சுழற்சியிலும் ஈஸ்ட்ரஜனும் புரோஜெஸ்டரோனும் மார்பகக் கலங்களைப் பெருகத் தூண்டுகின்றன. கர்ப்பமும் பாலூட்டலும் அச்சுழற்சிக்கு இடைவேளை தருகின்றன. மாதவிடாய் நின்றபின் உடற்கொழுப்பே ஈஸ்ட்ரஜனைச் சுரப்பதால், அவ்வயதில் எடை கூடுவதும் ஆபத்தைக் கூட்டுகிறது.

30 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002இல் கணக்கிட்டபோது, ஒவ்வொரு பிரசவத்துக்கும் 7 சதவீதமும், பாலூட்டும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4.3 சதவீதமும் ஆபத்து குறைவது தெரிந்தது.

குறைகிறது; இல்லாமற் போவதில்லை. நமது கரையோர ஊர்களில் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவது இதுதான். "எட்டுப் புள்ளைக்கும் பால் குடுத்த எனக்கு எப்படி மகள் இது வரும்?" என்று கேட்கும் மூத்தம்மாமாரை வைத்தியர்களாகிய நாங்கள் கண்டிருக்கிறோம். அந்த நம்பிக்கையிலேயே கட்டியை மாதக்கணக்கில் மறைத்து வைத்திருப்பார்கள். மறுபுறம், பிள்ளையில்லாத பெண்ணுக்கு நோய் வந்தால் "அதனாலதான் வந்தது" என்று பேசிவிடுகிறோம். ஆயிரம் பெண்களின் கணக்கு தனியொருத்தி மீது பழியாகிவிடக் கூடாது.

நம் உம்மும்மாமார் இளவயதில் நிகாஹ் முடித்து, ஏழெட்டுப் பிள்ளை பெற்று, அல்குர்ஆன் குறிப்பிடும் இரண்டு வருடம் பாலூட்டினார்கள். நாம் படித்தோம், தொழிலுக்குப் போனோம், பிந்தி மணம் முடித்தோம், இரண்டு மூன்று பிள்ளைகளோடு நிறுத்தினோம். அந்த மாற்றத்தைத் தந்தது இந்தப் பாடசாலை. அதற்காக நாம் வருந்தத் தேவையில்லை. படிப்பு தந்த இன்னொன்றும் நம்மிடம் உண்டு: கேட்கவும் சொல்லவுமான துணிவு.

1996 முதல் நாட்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. 35 வயதானவர்கள் அங்கே சென்று மார்பகத்தைப் பரிசோதித்துக்கொள்ளலாம். நோவில்லாத கட்டி, உள்ளிழுத்த முலைக்காம்பு, இரத்தக் கசிவு, தோலில் குழி என எதைக் கண்டாலும் வயதையோ பிள்ளைகளின் எண்ணிக்கையையோ பார்க்காமல் உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நூறு வருடங்களுக்கு முன் முகமறியாத ஆயிரம் பெண்கள் கூச்சத்தை ஒதுக்கிப் பதில் சொன்னார்கள். அதன் பயனை நாம் அனுபவிக்கிறோம். நம் உம்மாவிடமும் சகோதரிகளிடமும் மகள்மாரிடமும் நாமும் வாய்திறந்து பேசுவோம். அல்லாஹ் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக.