இரவல் அடிகளும் சொந்த அடிகளும்: வித்ரிய்யா தக்மீஸ் ஒரு வரலாற்றுப் பார்வை



ரபீஉல் அவ்வல் பிறை தென்பட்டதும் நம் பள்ளியில் வித்ரிய்யா மஜ்லிஸ் தொடங்கிவிடுகிறது. மத்ரஸா மாணவர்களும் உடன் ஓதட்டும் என்னும் நோக்கில், பள்ளி அலமாரியில் இருந்த பழைய கையெழுத்துப் பிரதியைக் கமிட்டி சார்பில் ஜெராக்ஸ் எடுத்து வழங்கினோம். மூலப் பிரதியில் சில அடிகள் சிவப்பு மையிலும் ஏனையவை கறுப்பு மையிலும் எழுதப்பட்டிருந்தன. நகலிலோ அனைத்தும் கறுப்பாகிவிட்டன. “இதில் பக்தாதீ அவர்களின் அடி எது? ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களின் அடி எது?” என்று மாணவர் ஒருவர் வினவியபோது, எம்மில் எவராலும் உடனே விடை கூற இயலவில்லை. ஆண்டாண்டு காலமாக ஓதி வரும் நமக்கு இது ஒரு குறையே.

வித்ரிய்யாவின் மூல ஆசிரியர் ஹிஜ்ரி 662இல் (கி.பி. 1264) மறைந்த முஹம்மது இப்னு அபீபக்ர் அல்பக்தாதீ (ரஹ்) அவர்கள். லாம் அலிஃபையும் சேர்த்து 29 எழுத்துகளுக்கு 29 கஸீதாக்கள். ஒவ்வொன்றிலும் 21 பைத்துகள். ஒற்றைப்படை எண்ணாதலின் ‘வித்ர்’ என்னும் பெயர் பெற்றது. ஒரு கஸீதாவின் பைத்துகள் யாவும் அதற்குரிய எழுத்தில் தொடங்கி, அதே எழுத்தில் முடியும்.

ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின், காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் அடங்கியிருக்கும் ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 1115 / கி.பி. 1703) இந்நூலுக்குத் தக்மீஸ் இயற்றினார்கள். சீறாப்புராணம் பாடுவதற்கு வரலாற்றுக் குறிப்பு வேண்டி உமறுப்புலவர் நாடிச் சென்ற பெரியார் இவர்களே என்பது வழிவழி வரும் செய்தி.

‘கம்ஸா’ என்றால் ஐந்து. அரபி பைத்து ஒன்றுக்கு இரண்டு அரையடிகள். அவற்றை ஓர் எழுத்தும் மாற்றாமல் இரவல் பெற்று, அவற்றின் முன்னே தம்முடைய மூன்று அரையடிகளைச் சேர்த்து ஐந்தாக்குவதே தக்மீஸ். சேர்க்கும் மூன்றும் மூலத்தின் அதே சந்தத்தில் அமைவதுடன், மூலத்தின் முதல் அரையடியோடு இயைபு கொள்ளவும் வேண்டும். பொருளும் அறுபடலாகாது. பிறர் கட்டி முடித்த வீட்டுக்கு, அவ்வீட்டின் வாயிலுக்குச் சரியாகக் கொண்டு சேர்க்கும் முன்றில் ஒன்றைக் கட்டுவதைப் போன்ற பணி இது. 29 கஸீதாக்களிலும் 609 பைத்துகள். அவற்றுக்குச் சேர்க்க வேண்டிய அரையடிகளோ 1827!

இரவல் அடிகளால் பா அமைப்பது அரபியருக்கு மட்டும் உரியதன்று. 4ஆம் நூற்றாண்டில் ரோமானியப் புலவர் அவுசோனியஸ், பேரரசர் வாலண்டினியன் தூண்டியதன் பேரில், வர்ஜிலின் அடிகளையே துண்டு துண்டாக எடுத்து ஒரு திருமணப் பாடலைத் தைத்தார். ‘சென்டோ’ என்னும் அவ்வகையின் பெயருக்கே ஒட்டுத்துணி என்றுதான் பொருள். அங்கே விரும்பிய அடியை விரும்பிய இடத்தில் வைக்கலாம். தக்மீஸில் வரிசையை மாற்ற உரிமையில்லை. எனவே இதுவே கடினமானது என்பது எமது எண்ணம்.

பிறர் அடியை எடுத்தாள்வது திருட்டாகாதா? இக்கேள்வியை நம் முன்னோர் தயங்காமல் எழுப்பினர். ஹிஜ்ரி 739இல் (கி.பி. 1338) மறைந்த கதீப் அல்கஸ்வீனீ (ரஹ்) அவர்கள் தம் ‘தல்கீஸ்’ நூலின் இறுதியில் கவித்திருட்டைப் பற்றிப் பேசுகிறார்கள்; அதனை அடுத்தே ‘தழ்மீன்’ என்னும் எடுத்தாளலையும் விளக்குகிறார்கள். புலவரிடையே பெயர் பெற்ற அடியாயின் அப்படியே எடுத்தாளலாம். அவ்வாறு அறியப்படாததாயின், அது பிறருடையது என்று உணர்த்தியாக வேண்டும். இதற்கு தஃப்தாஸானீ (ரஹ்) அவர்கள் எழுதிய விரிவுரையான ‘முக்தஸருல் மஆனீ’ நம் அரபிக் கல்லூரிகளில் இன்றும் ஓதப்படும் கிதாபு என்பது குறிப்பிடத்தக்கது.

தக்மீஸ் கையெழுத்துப் பிரதிகளில் மூல அடிகளைத் தனி மையில் எழுதும் வழக்கம் இந்த நேர்மையையே நிறைவேற்றியது. அன்று மை சொன்னதை இன்று நம் ஜெராக்ஸ் இயந்திரம் அழித்துவிட்டது.

எனினும் வழி அடைபடவில்லை. தக்மீஸின் அமைப்பே சாட்சி சொல்லும். ஐந்தில் முதல் மூன்று அரையடிகள் அப்பா அவர்களுடையவை. நான்காவதும் ஐந்தாவதும் பக்தாதீ அவர்களுடையவை. முதல் நான்கும் ஓர் இயைபில் ஒலிக்க, ஐந்தாவது மட்டும் கஸீதாவுக்குரிய எழுத்தை நோக்கித் திரும்பும். ஐயம் எழுந்தால் நான்காவதின் முதல் எழுத்தைப் பாருங்கள். அதுவும் கஸீதாவுக்குரிய எழுத்தாகவே இருக்கும்.

இம்முறையைக் கொண்டு, வினவிய மாணவரும் அவருடைய தோழர்களும் சிவப்புப் பென்சிலால் நகல்களில் கோடிட்டு வருகின்றனர். அலிஃப் முதல் ஜீம் வரை முடிந்துள்ளது. பழைய பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர், அஸர் தொழுகைக்குப் பின் பள்ளி அலுவலகத்தில் அதனைக் காணலாம். தாள்கள் நைந்திருப்பதால் பக்கங்களைப் புரட்டும் பணியை மட்டும் முஅத்தின் அவர்களிடம் விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.