எல்லோரும் லெவல் ஒன்றில்தான் பிறக்கிறார்களா?

எங்கள் மாலைநேரப் படிப்பகத்துக்கு வரும் பையன்கள் ஃப்ரீ ஃபயரை விட்டு எழுவதில்லை என்று நாங்களும் ஒரு காலத்தில் திட்டிக்கொண்டுதான் இருந்தோம். 'போனைக் கீழே வை' என்பதற்கு மேல் எங்களிடம் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை. ஒருநாள் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒருவன் திருப்பிக் கேட்டான்: "அண்ணா, இதுல வந்து நீ என்ன ஆளுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. சுடத் தெரியுமான்னு மட்டும்தான் பாப்பாங்க. இத ஏன் வேணாங்கறீங்க?"

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவன் சொன்னது சின்ன விஷயமல்ல. பிறப்பைக் கேட்காத ஓர் இடம் இருக்கிறது, அது இந்தப் போனுக்குள் இருக்கிறது என்கிறான். தோழர்களே, இணைய விளையாட்டின் வரலாறே அந்த வாக்குறுதியிலிருந்துதான் தொடங்குகிறது என்பது பிறகு தேடிப் படித்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

1978ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்ற மாணவர், ஒரே நேரத்தில் பலர் புகுந்து உலவக்கூடிய ஒரு கணினி உலகத்தை எழுதத் தொடங்குகிறார். 'மட்' என்று அதற்குப் பெயர். அவரிடமிருந்து அதை வாங்கி வளர்த்து முடித்தவர் ரிச்சர்ட் பார்ட்டில். படம் கிடையாது, ஒலி கிடையாது, எல்லாமே எழுத்து. நீங்கள் ஒரு சாலையில் நிற்கிறீர்கள் என்று திரை சொல்லும். வடக்கே போ என்று தட்டச்சு செய்தால் வடக்கே போவீர்கள். அங்கே இன்னொரு மனிதர் நின்றுகொண்டிருப்பார். அவர் வேறொரு முனையத்தில் உட்கார்ந்திருக்கும் உண்மையான ஆள். புதையலைத் தேடி எடுத்துச் சதுப்பு நிலத்தில் போட்டால் புள்ளி. புள்ளி ஏற ஏற லெவல் ஏறும். உச்சிக்குப் போனவர் மந்திரவாதி ஆகி, அந்த உலகத்தையே நிர்வகிக்கும் அதிகாரம் பெறுவார்.

பார்ட்டில் தொழிலாளி வர்க்கக் குடும்பத்துப் பையன். வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசினால் போதும், அந்த உச்சரிப்பை வைத்தே நீ எந்த வர்க்கம், உன்னை எங்கே உட்கார வைக்கலாம் என்று முடிவு கட்டிவிடும் நாடு அது. தாங்கள் மட் எழுதியதே ஓர் அரசியல் செயல்தான் என்று பின்னாளில் அவர் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பிறப்பு உன்மேல் குத்திய முத்திரை செல்லாத உலகம் ஒன்று வேண்டும். அங்கே நீ என்ன செய்கிறாயோ அதுதான் நீ. உள்ளே நுழையும்போது பெயரையும் ஆணா பெண்ணா என்பதையும் மட்டும்தான் கேட்டது விளையாட்டு. அப்பன் பெயர் கேட்கவில்லை. எல்லோரும் கடைசிப் படியிலிருந்துதான் ஏற வேண்டும். இன்று எல்லா விளையாட்டிலும் நாம் சாதாரணமாகச் சொல்கிற 'லெவல்' அப்போது வர்க்கத்துக்கு எதிராகத் தூக்கப்பட்ட ஆயுதம்.

தகுதி, திறமை என்ற சொற்களைக் கேட்டாலே நமக்கு எரிச்சல் வரும். இடஒதுக்கீட்டுக்கு எதிராக எத்தனை முறை அந்தச் சொற்கள் நம் முகத்தில் வீசப்பட்டிருக்கின்றன! ஆனால் பார்ட்டிலின் தகுதி வேறு, இவர்களுடைய தகுதி வேறு. அவருடைய ஏணியில் நாற்பதாவது படியில் பிறந்தவர் யாரும் இல்லை. அந்த நேர்மைக்காகவே எங்களுக்கு அந்த விளையாட்டின்மேல் மரியாதை உண்டு. ஆனால், ஏணி இருந்த அறையின் கதவு? பல்கலைக்கழகக் கணினியைத் தொட முடிந்தவர்களுக்கும், வெளியே இருந்து இரவு நேரத்தில் தொலைபேசி வழியாக நுழைந்து அந்தப் பில்லைக் கட்ட முடிந்தவர்களுக்கும்தான் அது திறந்தது.

மட்டைப் பார்த்து உலகெங்கும் பலர் தங்கள் மட்டுகளை எழுதினார்கள். 1991இல் கோபன்ஹேகன் மாணவர்கள் எழுதிய டிக்குமட் அவற்றில் முக்கியமானது. அதன் வழியில் வந்து, முப்பரிமாணப் படங்களோடு 1999இல் பெரிய சந்தையைப் பிடித்தது எவர்குவெஸ்ட். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏனென்றால், பிறப்பைக் கேட்காத உலகம் என்று தொடங்கியது இருபது வருடத்தில் வாசலிலேயே 'உன் இனம் என்ன?' என்று கேட்கிறது.

மனிதர், எல்ஃப், குள்ளர், ஓகர், ட்ரோல் என்று இனங்கள். அவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொண்டுதான் பிறக்க முடியும். ட்ரோலாகப் பிறந்தால் 'நல்ல' இனங்களின் நகரத்துக்குள் கால் வைக்க முடியாது; காவலர்கள் கண்டவுடன் வெட்டுவார்கள். வெறுப்பு அந்த அளவுக்குப் போகாத இடத்திலும் கடைக்காரர் பொருள் விற்க மறுப்பார். 2000இல் சேர்க்கப்பட்ட இக்ஸார் என்ற பல்லி இனத்துக்கு நிலைமை இன்னும் மோசம். தன் சொந்த நகரத்தைத் தவிர ஏறக்குறைய எங்கு போனாலும் சாவுதான். இதையெல்லாம் கதை என்று விட்டுவிடலாம். விட முடியாதது கணக்கு. ஒரு லெவல் ஏற மனிதருக்குத் தேவையான அனுபவப் புள்ளியைவிட ட்ரோலுக்கும் இக்ஸாருக்கும் 20 சதவீதம் கூடுதலாகத் தேவை. அதே வேட்டை, அதே உழைப்பு, ஏற்றம் மட்டும் குறைவு. ஓகருக்கு 15 சதவீதம். பார்பேரியனுக்கு 5. ஹாஃப்லிங் என்ற குட்டையர் இனத்துக்கோ 5 சதவீதச் சலுகை. மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம் என்றுகூட இல்லை. ஒவ்வொரு படிக்கும் ஓர் அளவு. படிநிலைப்பட்ட ஏற்றத்தாழ்வு என்று அண்ணல் அம்பேத்கர் எதைச் சொன்னாரோ, அது எண்களாக எழுதி வைக்கப்பட்டிருந்தது.

ட்ரோலுக்காக நாங்கள் கண்ணீர் விடவில்லை. அந்த இனத்துக்கு உடல் வலிமை அதிகம், காயம் வேகமாக ஆறும், அதற்கு ஈடாகத்தான் இந்தக் கழிவு என்பது தயாரித்தவர்கள் பக்க நியாயம். விரும்பித் தேர்ந்தவர் லாக்-அவுட் செய்துவிட்டுப் படுக்கப் போகலாம். நம் தெருவில் அந்தப் பொத்தான் இல்லை. எங்களைத் துணுக்குற வைத்தது வேறு: பிறப்பால் வேறுபாடு என்றால்தான் உலகம் உயிரோட்டமாக இருக்கும் என்று கற்பனை உலகத்தைப் படைப்பவர்களுக்கும் தோன்றியிருக்கிறது.

அடுத்து நடந்ததை எந்தத் தயாரிப்பாளரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆடுகிறவர்களே செய்தார்கள். 2003இல் தென் கொரியாவில் வெளியான லினேஜ் 2 விளையாட்டில் அடேனா என்பது நாணயம். அதைச் சேர்த்து உண்மையான பணத்துக்கு விற்கும் தொழில் சீனாவில் வளர்ந்தது. கொன்ற மிருகத்திலிருந்து கூடுதல் பொருள் எடுக்கும் திறமை அந்த விளையாட்டில் குள்ளர் இனத்துக்கு உண்டு என்பதால், இந்தத் தொழிலாளர்கள் பெரும்பாலும் குள்ளர் இனப் பெண் உருவத்தைத் தேர்ந்தார்கள். விளைவு? அந்த உருவத்தில் யார் வந்தாலும் 'சீனாக்காரன்' என்று அமெரிக்க ஆட்டக்காரர்கள் கும்பலாக வேட்டையாடினார்கள். ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பது, பதில் வரவில்லை என்றால் கொல்வது. குள்ளப் பெண் உருவத்தை விரும்பி எடுத்த மற்றவர்களும் இதில் மாட்டிக்கொண்டு அதைக் கைவிட வேண்டியதாயிற்று. நிக் யீ என்ற ஆய்வாளர் இதை, 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் சலவைத் தொழில் செய்த சீனர்கள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டு எழுதினார்.

நாம் வேறொன்றோடும் ஒப்பிடலாம். முதலில் ஒரு தொழில். பிறகு அந்தத் தொழிலுக்கென்று ஓர் உடல். பிறகு அந்த உடலைக் கண்டாலே அருவருப்பு. பல நூற்றாண்டுகளாக நமக்கு நடந்தது அங்கே சில வருடங்களில் நடந்து முடிந்தது. சாதி என்பது வேலையைப் பிரிப்பது அல்ல, வேலை செய்கிறவர்களைப் பிரிப்பது என்று 1936இல் அம்பேத்கர் எழுதியதற்கு இதைவிடக் கைக்கடக்கமான உதாரணம் எங்களுக்குக் கிடைத்ததில்லை.

அந்தத் தொழிலாளியின் கூலியையும் பார்த்துவிடுவோம். 2007இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜூலியன் டிப்பெல் நான்ஜிங் நகரத்துப் பட்டறை ஒன்றைப் பற்றி எழுதினார். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் இரவு 12 மணி நேர வேலை, மாதத்தில் இரண்டு மூன்று நாள் விடுப்பு. 100 தங்கக் காசு சேர்த்தால் தொழிலாளிக்கு ஏறத்தாழ 1.25 டாலர். முதலாளி அதை 3 டாலருக்கு விற்பார். கடைசியில் வாங்கும் அமெரிக்க, ஐரோப்பிய ஆட்டக்காரர் கொடுப்பது 20 டாலர் வரை. வாங்கியவர்களும் அதே உலகத்தில்தான் உலவினார்கள். வேட்டைக்கு ஆளானது காசைச் சேர்த்தவர் மட்டுமே.

இனி நம் பையன்கள் ஆடுவதற்கு வருவோம். 2017இல் வந்த பப்ஜியில் 100 பேர் ஒரே விமானத்திலிருந்து வெறுங்கையோடு குதிக்கிறார்கள். துப்பாக்கி கீழே கிடக்கும், எடுத்தவனுக்குச் சொந்தம். பார்ட்டிலின் கடைசிப் படிதான் இது, பாராசூட் கட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் ஸ்கின் அதில் வெறும் அலங்காரம். ஆனால் நல்ல போன் வேண்டும், நல்ல நெட் வேண்டும். ஃப்ரீ ஃபயர் மட்டமான போனிலும் ஓடும், 50 பேர் ஆட்டம், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். சேரிக்குள் வந்தது அதனால்தான் அதுவே. ஆனால் அதில் காசு கொடுத்து வாங்கும் துப்பாக்கி ஸ்கின் குண்டின் வேகத்தையும் வலுவையும் கூட்டும். ஏழைக்குக் கதவைத் திறந்த விளையாட்டு உள்ளே படியை விற்கிறது. கதவை மூடிய விளையாட்டு படியை விற்கவில்லை. எங்களைக் கேட்டால் ஆட்டமாக நியாயமானது பப்ஜிதான். ஆனாலும் எங்கள் பையன்களோடு உட்கார்ந்து ஆட முடிவது ஃப்ரீ ஃபயரில்தான்.

2020 செப்டம்பர் 2 அன்று 118 செயலிகளைத் தடை செய்தார்கள், பப்ஜி மொபைலும் அதில் ஒன்று. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரையும். காரணம் நாட்டின் பாதுகாப்பு. ஒன்று பிஜிஎம்ஐ என்று பெயர் மாற்றி வந்தது, இன்னொன்றுக்கு மேக்ஸ் ஏற்கெனவே இருந்தது. இந்தத் தடைகளால் எங்கள் தெருவில் யாரும் ஒருநாள்கூட ஆடாமல் இருந்ததில்லை.

பள்ளியில் சாதிக் கயிறு கட்டக் கூடாது என்று நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. கையில் கட்டத் தடை வந்தால் ஐடியில் கட்டிக்கொள்ளலாம். சாதிப் பெயரை முன்னொட்டாகப் போட்ட ஐடிகளை, ஆண்ட பரம்பரை என்று பெயர் வைத்த கில்டுகளை நாங்களே பார்த்திருக்கிறோம்.

எங்களிடம் கேள்வி கேட்ட அந்தத் தம்பி சில மாதம் கழித்து வந்து, தானாகவே பேச்சை எடுத்தான். புதிதாகச் சேர்ந்த ஸ்குவாட், எல்லோரும் பக்கத்து ஊர்க்காரர்கள். நன்றாகத்தான் போயிருக்கிறது. இடையில் ஒருவன் மைக்கில், "எந்த ஊருடா தம்பி?" என்றிருக்கிறான். ஊரைச் சொன்னதும் அடுத்த கேள்வி: "ஊர்ல எந்தப் பக்கம்?" இவன் யோசிக்காமல் காலனி என்று சொல்லிவிட்டான். மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். எதிரணி வந்து சேரும்வரை தனியாக நின்று சுட்டிருக்கிறான்.

இப்போதும் தினமும் ஆடுகிறான். மைக்கை மட்டும் போடுவதில்லை.