அடிவாங்கப் பிறந்த ஸ்லைம் அரசனான வரலாறு

டிராகன் குவெஸ்ட் விளையாட்டில் கோட்டையை விட்டு வெளியே வந்து சில அடி நடந்தால் ஒரு நீலத்துளி வழிமறிக்கும். இரண்டு கண், சிரித்த வாய். பெயர் ஸ்லைம். அந்த உலகத்திலேயே பலம் குறைந்த பிராணி அதுதான். ஒன்றை வீழ்த்தினால் ஓர் அனுபவப் புள்ளி கிடைக்கும். ஏழு புள்ளி சேர்ந்தால் வீரன் இரண்டாம் லெவலுக்கு ஏறுவான். 1986 மே 27 அன்று ஜப்பானில் வெளியான இந்த விளையாட்டில் லட்சக்கணக்கான சிறுவர்களின் முதல் பலி இந்தத் துளிதான்.

2013-ல் ஃபுசே என்ற புனைபெயரில் ஒருவர் இணையத்தில் ஒரு தொடர்கதை தொடங்கினார். கட்டுமான நிறுவனத்தில் வேலை பார்க்கும் 37 வயது ஊழியர், தன் இளைய சகாவைக் காப்பாற்றப் போய்த் தெருவில் கத்திக்குத்துப்பட்டு இறக்கிறார். கண் விழித்தால் வேற்றுலகக் குகை ஒன்றில் ஸ்லைமாகப் பிறந்திருக்கிறார். போகப் போக காப்ளின்களையும் ஓநாய்களையும் சேர்த்து ஊர் அமைத்து, ஊரை நாடாக்கி, அதற்குத் தலைவராகவும் ஆகிறார். இக்கதை 2018-ல் அனிமேயாக வந்து உலகெங்கும் ஓடியது.

அடிவாங்குவதற்கென்றே படைக்கப்பட்ட பிராணி 27 ஆண்டுகளில் நாயகனானது. விளையாட்டு விதிகள் ஆளும் உலகத்தில் எளியவன் வலியவனாகும் கதைகள் அனைத்தும் வந்த பாதையை அந்த 27 ஆண்டுகளில் பார்த்துவிடலாம்.

லெவல், அனுபவப் புள்ளி, உயிர்ப் புள்ளி என்ற கணக்கெல்லாம் அமெரிக்காவில் பிறந்தவை. விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசனுடன் சேர்ந்து 1974-ல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ முதல் பதிப்பில் அச்சானது 1,000 பெட்டிகள்தான். காகிதம், பென்சில், பகடை, கதையை நடத்திச்செல்ல ஒருவர் இருந்தால் போதும்; மேசையைச் சுற்றி ஓர் உலகம் எழுந்துவிடும். கணினி கைக்கு வந்ததும் மாணவர்கள் இந்த விளையாட்டைக் கணினியில் ஏற்றத் தொடங்கினார்கள். 1981-ல் ‘விசார்ட்ரி’, ‘அல்டிமா’ என்ற இரண்டு விளையாட்டுகள் வந்தன. இரண்டிலும் மூழ்கிப்போன ஜப்பானியர்களில் ஒருவர் யூஜி ஹோரி.

ஹோரி பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்தவர். கணினியும் ஆங்கிலமும் கைவராத பிள்ளைகளும் இந்தச் சுகத்தை அனுபவிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் ஃபாமிகாம் கருவிக்காக அவர் டிராகன் குவெஸ்டை வடிவமைத்தார். ‘டிராகன் பால்’ வரைந்துகொண்டிருந்த அகிரா தோரியாமா பாத்திரங்களை வரைந்தார். கோயிச்சி சுகியாமா இசையமைத்தார். ஹோரி கிறுக்கிக் கொடுத்த அருவருப்பான சேற்றுக் குவியலை, சிரிக்கும் நீலத்துளியாக மாற்றியது தோரியாமாவின் கை.

முழு விளையாட்டும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியது. ஆட்டத்தைச் சேமித்து வைக்க வழியில்லை. அரசனிடம் போனால் அவன் 20 ஹிரகானா எழுத்துகள் கொண்ட ஒரு மந்திரத்தைச் சொல்வான். அதை எழுதி வைத்து மறுநாள் அப்படியே உள்ளிட வேண்டும். ஓர் எழுத்துப் பிசகினாலும் அத்தனை உழைப்பும் போய்விடும். ஜப்பானில் அந்தத் தலைமுறையினரைக் கேட்டால் இந்த வேதனையை இன்றும் சொல்வார்கள்.

1988 பிப்ரவரி 10, புதன்கிழமை, மூன்றாம் பாகம் வெளியானது. கடைகளின் முன் வரிசை நீண்டது; பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போட்டார்கள்; ஒரே நாளில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. வேலைநாளில் டிராகன் குவெஸ்ட் வெளியிடக் கூடாதென்று ஜப்பான் சட்டமே போட்டது என்ற கதை இன்றும் உலவுகிறது. அப்படி ஒரு சட்டம் கிடையாது. நான்காம் பாகத்தை 1990 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை வெளியிட்டது ஈனிக்ஸ் நிறுவனம் தானாக எடுத்த முடிவு.

இத்தனை ஈர்ப்புக்குக் காரணம் அரக்கர்களோ வாள்களோ மட்டும் இல்லை. 1985-ல் வந்த சூப்பர் மாரியோவில் விரல் வேகம் உள்ளவன்தான் ஜெயிப்பான். டிராகன் குவெஸ்டில் விரல் மந்தமான பிள்ளையும் ஜெயிக்கலாம். பொறுமை இருந்தால் போதும். செலவிட்ட ஒவ்வொரு நிமிடமும் கணக்கில் ஏறும். உழைப்பு வீண்போகாது என்று எண்ணால் எழுதிக் கொடுத்த உறுதிமொழி அது. எளியவன் எழும் கதைகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

விளையாட்டு கதையாக மாறியதும் அதே 1986-ல்தான். குரூப் எஸ்.என்.இ. குழுவினர் மேசையில் பகடை உருட்டி ஆடியதை உரையாடல் வடிவிலேயே ‘காம்ப்டிக்’ இதழ் தொடராக வெளியிட்டது. ஆட்டத்தை நடத்திய ரியோ மிசுனோ அதையே ‘ரெக்கார்ட் ஆஃப் லோடாஸ் வார்’ நாவலாக எழுதினார். 1990-ல் தொடங்கி 13 பகுதி அனிமேயாக வந்தது. ரசிகர்கள் கொண்டாடிய டீட்லிட் என்ற எல்ஃப் பெண்ணாக மேசையில் ஆடியவர் ஹிரோஷி யமமோட்டோ என்ற ஆண் எழுத்தாளர். அதற்கு முன்னும் பின்னும் ‘டன்பைன்’ (1983), ‘எஸ்காஃப்லோன்’ (1996) போல வேற்றுலகம் போகும் அனிமேக்கள் வந்தன. அவற்றில் லெவல் கணக்கு கிடையாது.

பிறகு நாடு சரிந்தது. 1990-களின் தொடக்கத்தில் நிலம், பங்கு விலைகள் நொறுங்கியதும் நிறுவனங்கள் புதிய ஆள் எடுப்பதைக் குறைத்தன. படிப்பை முடித்தால் வேலை, வேலையில் சேர்ந்தால் ஓய்வு பெறும்வரை பாதுகாப்பு என்ற ஏற்பாடு இளையவர்களுக்கு இல்லாமல் போனது. அந்தக் காலத்தை ஜப்பானியர் வேலைவாய்ப்பின் பனியுகம் என்கிறார்கள். 1988-ல் வரிசையில் நின்ற பத்து வயதுப் பிள்ளை கல்லூரி முடித்தது அந்தப் பனியுகத்தின் நடுவில். தற்காலிக வேலைகளிலேயே வயது கடந்தவர்கள் பலர். அறைக்குள் முடங்கியவர்களும் உண்டு. 40 முதல் 64 வயதுக்குட்பட்டோரில் இப்படி ஒதுங்கி வாழ்பவர்கள் 6,13,000 பேர் என்று 2019-ல் அரசே மதிப்பிட்டது. உழைத்தால் உயரலாம் என்ற கணக்கு, விளையாட்டுக்கு வெளியே பொய்த்துப்போனது.

அந்த ஏமாற்றம் பேச ஒரு மேடை வேண்டியிருந்தது. ரெக்கி கவஹாரா 2002-ஆம் ஆண்டு நாவல் போட்டி ஒன்றுக்காக எழுதிய கதை பக்க வரம்பைத் தாண்டிவிட்டதால் போட்டிக்குப் போகவில்லை. இணையத்தில் இலவசமாக ஏற்றினார். பத்தாயிரம் பேர் ஒரு விளையாட்டுக்குள் சிக்கிக்கொள்கிறார்கள், உள்ளே செத்தால் வெளியிலும் சாவு என்பது கரு. 2009-ல் அது புத்தகமாகி, 2012 ஜூலையில் அனிமேயானது. அதுதான் ‘ஸ்வோர்ட் ஆர்ட் ஆன்லைன்’.

இதற்கிடையே 2004-ல் யூசுகே உமெசாகி என்பவர் ‘நாவலாசிரியர் ஆவோம்’ என்ற பொருளில் ஓர் இணையதளம் தொடங்கியிருந்தார். யார் வேண்டுமானாலும் எழுதலாம், பதிப்பாசிரியர் இல்லை, வாசகர் தரும் புள்ளிகள்தான் தரவரிசையைத் தீர்மானிக்கும். அலுவலகம் முடிந்து இரவில் எழுதியவர்களுக்கும் இங்கே கதவு திறந்தது. பட்டியலில் தலைப்பைப் பார்த்துத்தான் வாசகர் உள்ளே வருவார் என்பதால் தலைப்புகள் முழு வாக்கியங்களாக நீண்டன.

2012 ஒன்றிலேயே ‘ரீ:ஸீரோ’, ‘ஷீல்ட் ஹீரோ’, ‘முஷோகு டென்சேய்’, ‘கொனோசுபா’ ஆகிய நான்கும் இந்தத் தளத்தில் தொடங்கின. முஷோகு டென்சேயின் நாயகன் 34 வயது வேலையற்றவன். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட நாளில், பள்ளிப் பிள்ளைகளைக் காப்பாற்றப் போய் லாரியில் அடிபட்டுச் சாகிறான். மறுபிறவியில் குழந்தைப் பருவம் முதல் தினமும் மந்திரம் பயில்கிறான். அவனுடைய பழைய ஈனபுத்தியை ஆசிரியர் மறைக்கவில்லை. அதனாலேயே இந்தக் கதை மீது கடும் எதிர்ப்பும் உண்டு. இந்த ஒரே படைப்பை அனிமேயாக்க 2018-ல் ஸ்டுடியோ பைண்ட் என்ற நிறுவனமே உருவானது. வேற்றுலகக் கதைகள் பெருகிப் பெருகி மற்ற வகைகளை மூழ்கடித்ததால், 2016-ல் அந்தத் தளம் அவற்றுக்கெனத் தனித் தரவரிசையை ஒதுக்கியது.

இந்த அலை ஜப்பானோடு நிற்கவில்லை. கொரியாவில் சுகோங் 2016-ல் ‘சோலோ லெவலிங்’ தொடரை எழுதினார். 2018-ல் அது வெப்டூன் என்ற இணையச் சித்திரக்கதையானது. அதை வரைந்த ஜாங் சுங்-ராக் 2022-ல் காலமானார். 2024-ல் வந்த அனிமேயை அவர் பார்க்கவில்லை. நாயகன் ஜின்வூ, மருத்துவமனையில் கிடக்கும் தாய்க்காகவும் தங்கையின் படிப்புக்காகவும் உயிரைப் பணயம் வைக்கும் கடைநிலை வேட்டைக்காரன். 100 தண்டால், 100 சிட்-அப், 100 ஸ்குவாட், 10 கிலோமீட்டர் ஓட்டம் என்பது அவனுக்கு நாள்தோறும் இடப்படும் கட்டளை. தமிழிலும் டப்பாகி வந்த இந்தத் தொடர், 2025-ல் கிரஞ்சிரோல் விருதுகளில் ஆண்டின் சிறந்த அனிமேயாகத் தேர்வானது.

வெற்றி பெற்ற வகை என்பதால் எல்லாம் நல்ல கதையாகிவிடாது. பிறந்த கணமே எல்லையற்ற சக்தியைக் கையில் திணித்துவிடும் கதைகள் ஏராளம். அவற்றில் பட்ட பாடும் இல்லை, ஏறிய படியும் இல்லை. ஷீல்ட் ஹீரோவில் அவமானப்பட்ட நாயகன் அடிமைச் சிறுமியை விலைக்கு வாங்கியதைக் கதை போகப்போக இயல்பாக்கிவிடுவதும் உறுத்தவே செய்கிறது. இந்த வரிசையில் தப்பெய் நகாட்சுகியின் ரீ:ஸீரோதான் முதலிடத்துக்கு உரியது. அதன் நாயகன் சுபாருவுக்குக் கிடைத்த ஒரே சக்தி, செத்தால் கொஞ்சம் பின்னாலிருந்து மீண்டும் தொடங்குவது மட்டும்தான். உடல் பலம் ஏறாது. பட்ட வலியை யாரிடமும் சொல்லவும் முடியாது. 2016-ல் வந்த முதல் பருவத்தின் 18-ஆம் பகுதி பெரும்பாலும் இரண்டு பேர் பேசிக்கொள்வதிலேயே கழிகிறது. இந்த வகை அனிமேயில் ஒன்றே ஒன்று பார்க்கத்தான் நேரம் என்பவர்கள் ரீ:ஸீரோவை எடுக்கட்டும். அந்த 18-ஆம் பகுதிவரை பொறுமையோடு பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லட்டும்.