கிப்லாவுக்காக வளைந்த சாலை

சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலில் தொழுதுவந்த நம்மவர் பலர். அங்கே நார்த் பிரிட்ஜ் சாலை பள்ளியை ஒட்டி நேர்கோட்டை விட்டுச் சற்றே வளைவதைக் கவனித்தவர் சிலரே. பள்ளி கிப்லாவை நோக்கி எழ வேண்டியிருந்ததால் சாலை வழிவிட்டது.

பள்ளி அமைந்துள்ள கம்போங் கிளாமின் கதை 1822இல் தொடங்குகிறது. அவ்வாண்டு ராஃபிள்ஸ் நகரத் திட்டக் குழுவொன்றை அமைத்தார். பொறியாளர் ஜாக்சன் பெயரால் அத்திட்டம் அறியப்படுகிறது. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற சூலியாக்களுக்கு ஆற்றோரத்தில் ஓரிடம் ஒதுக்கப்பட்டது. கம்போங் கிளாம் சுல்தான் ஹுசைனுக்கும் அரபியர், பூகிஸ் மக்களுக்கும் உரியதாயிற்று. மக்களை இனவாரியாகப் பிரித்த அத்திட்டத்தை நாம் புகழவில்லை. ஆயினும் அதில் ஒரு நல்ல விதி இருந்தது: வீதியோரக் கட்டடங்களின் முன்புறம் கூரையிட்ட நடைவழி இருக்க வேண்டும்; அது எப்போதும் யாவருக்கும் திறந்திருக்க வேண்டும். அதுவே பின்னர் 'ஐந்தடிப் பாதை' ஆயிற்று. கடை தனியாருடையது, நிழல் பொதுவுடையது. வழிக்கும் உரிமை உண்டு என்று கற்ற நமக்கு இது அந்நியமான கருத்தன்று.

காலப்போக்கில் அங்கே கடைவீடுகள் எழுந்தன. கீழே வணிகம், மேலே குடியிருப்பு. தீவுகளிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டோர் கப்பலுக்காக இப்பகுதியில் தங்கினர். பயணிகளின் தேவையால் வணிகம் செழித்தது. புஸ்ஸோரா வீதி 'கம்போங் காஜி' என்றே அழைக்கப்பட்டது. தொழுகை, தங்கல், கொடுக்கல் வாங்கல் யாவும் நடந்துசெல்லும் தூரத்துக்குள் அடங்கின.

1914இல் பள்ளியின் அறங்காவலர் குழுவில் மலாய், ஜாவானியர், பூகிஸ், அரபியர், வடஇந்தியர் ஆகியோருடன் தமிழ் முஸ்லிம்களும் இடம்பெற்றனர். 1932இல் நிறைவுற்ற இன்றைய பள்ளியின் குவிமாடத்து அடியில் கண்ணாடிக் குப்பிகளின் அடிப்பாகங்கள் வரிசையாகப் பதிந்துள்ளன. அவை ஏழைகளும் பங்குபெற வேண்டுமென்று அவர்களிடம் பெறப்பட்டவை.

பின்னர் ஹஜ் கப்பல்களின் இடத்தை விமானங்கள் பிடித்தன. குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. 1989இல் கம்போங் கிளாம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அல்ஹம்துலில்லாஹ், கட்டடங்கள் காக்கப்பட்டன. ஆனால் ஒருகாலத்தில் குடும்பங்கள் வாழ்ந்த மாடிகள் பலவற்றில் இன்று அலுவலகங்களும் கடைகளுமே உள்ளன. சுவரைக் காக்கச் சட்டம் போதும். அண்டை வீட்டாரைக் காக்க அது போதாது.

நம் ஜமாஅத்துகளும் பள்ளியை ஒட்டிய நிலத்தில் கடைகள் கட்டுகின்றன. வாடகையைக் கணக்கிடும் முன் மூன்று கேள்விகளைக் கேட்போம்: மாடியில் குடியிருப்போர் யார்? முன்புற நிழல் யாருக்கு? ஏழையின் குப்பிக்கு அங்கே இடமுண்டா? அவற்றுக்கு நல்ல விடை காணும் தெளிவை அல்லாஹ் நமக்கு அருள்வானாக.